"நமக்கு எதுக்கு சேர் இந்த ரேடியோ வேல?"



கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் இரவைக்கு வாசியுங்கள். பாதியை வாசித்துவிட்டு கொமெண்டில் சண்டைக்கு வராமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

போன மாதம் நாங்கள் மூன்று ஆசிரியர்கள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டுபோய் ஒரு கூட்டத்தில் கொடுத்தோம். எந்தக் கூட்டம், எந்த நிர்வாகம் என்று இங்கே எழுதமாட்டோம். ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரியும், வெளியில் இருப்பவர்களுக்குத் தேவையில்லை. கேட்டது பெரிய விஷயமும் அல்ல. ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடக்கும் இரண்டு பழைய லெப்டொப், சனிக்கிழமை பின்னேரத்தில் ஒரு வகுப்பறை, பிறகொரு நாளைக்குக் கூரையில் ஒரு கம்பி கட்ட அனுமதி. பிள்ளைகளுக்கு அமெச்சூர் ரேடியோ என்றால் என்ன என்றும், அந்த ரேடியோவைக் கணினியில் கட்டளை எழுதி இயக்குவது எப்படி என்றும் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்றோம்.

கடிதத்தை முழுதாக வாசிக்கவும் இல்லை. ஒருவர் சொன்னார், "போன் இருக்கே சேர்." இன்னொருவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "நமக்கு எதுக்கு சேர் இந்த ரேடியோ வேல? நாளைக்கு சீஐடி வந்து நிண்டா நீங்களா பதில் சொல்ற?" என்றார். மூன்றாமவர் கணக்குப் புத்தகத்தைக் காட்டி, "இப்ப ஸ்மார்ட் போர்ட்டுக்குத்தான் காசு சேக்குறோம்" என்றார். தேத்தண்ணீர் வந்தது. கடிதம் பைலுக்குள் போனது.

மூன்று பேரும் நல்ல மனிதர்கள். ஊருக்கு உழைப்பவர்கள். ஆனால் மூன்று பேர் சொன்னதும் பிழை. கூட்டத்தில் சொல்ல விடவில்லை, இங்கே சொல்கிறோம்.

முதலில் போன்.

இருக்கிறது, மறுக்கவில்லை. 2025 நவம்பர் 28ஆம் திகதியும் எல்லார் கையிலும் போன் இருந்தது. டித்வா கரையேறிய அந்த இரவில் புத்தளம் மாவட்டத்தில் எத்தனை வீடுகளில் அது டோர்ச் லைட்டாக மட்டும் எரிந்தது என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. எங்களில் ஒருவரின் உம்மா வெள்ளத்துக்கு அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். ஒன்றரை நாள் சத்தமே இல்லை. சிக்னல் வந்தபோது முதலில் வந்தது உம்மாவின் குரல் அல்ல. "குளக்கட்டு உடைஞ்சிட்டு, எல்லாரும் ஓடுங்க" என்று யாரோ, எப்போதோ, எந்தக் குளத்துக்கோ சொன்ன வொய்ஸ் கட். பதினேழு பேர் அனுப்பியிருந்தார்கள். அதே கட்.

நாடு முழுவதும் 600க்கு மேற்பட்டவர்கள் மௌத்தான அனர்த்தம் அது. அதற்குப் பிறகும் "போன் இருக்கே" என்று சொல்ல முடிகிறது என்றால், போன் எப்படி வேலை செய்கிறது என்று நாம் ஒரு நாளும் யோசித்ததில்லை என்றுதான் அர்த்தம். நம் கையில் இருப்பது பாதிப் போன். மற்றப் பாதி டவரில் இருக்கிறது. டவருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பெட்டரி, பெட்டரி இறங்கினால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல், டீசல் பவுசர் வர ரோட்டு வேண்டும். அந்த ரோட்டைத்தான் வெள்ளம் கொண்டுபோனது. இவ்வளவும் சரியாக இருந்தாலும் டவரைக் கொழும்போடு இணைக்கும் ஃபைபர் கம்பி ஓரிடத்தில் அறுந்தால் கதை முடிந்தது. இதில் ஒரு கம்பனியைக் குறை சொல்லவும் இல்லை, எந்தக் கம்பனியானாலும் அமைப்பு அதுதான்.

"ஸ்டார்லிங்க் வந்திருக்கே" என்று ஒரு தம்பி போன பதிவில் எழுதியிருந்தார். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்தது உண்மை. நல்ல விஷயம். எத்தனை பேர் வீட்டில் இருக்கிறது தம்பி? முசல்பிட்டியிலும் உச்சமுனையிலும் வாடி போட்டிருப்பவர் மாதாமாதம் கட்டுவாரா?

அமெச்சூர் ரேடியோவுக்கு டவர் இல்லை. நடுவில் கம்பனியும் இல்லை. இங்கே ஒரு கருவி, அங்கே ஒரு கருவி, இரண்டுக்கும் ஒவ்வொரு 12 வோல்ட் பெட்டரி, ஒவ்வொரு கம்பி. 7 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு வேண்டிய கம்பி ஏறக்குறைய 20 மீற்றர். இரண்டு தென்னைக்கு நடுவே கட்டலாம். புத்தளத்தில் தென்னைக்கா பஞ்சம்? உயரமாகக் கட்டவேண்டிய அவசியமும் இல்லை. தாழ்வாகக் கட்டினால் அலை நேரே மேலே போய், வானத்தில் மின்னேற்றப்பட்ட படையில் பட்டுக் குடை விரித்தமாதிரி சுற்றிவர விழும். கற்பிட்டியில் இருந்து பேசினால் அநுராதபுரத்திலும் கண்டியிலும் கேட்கும், இடையில் மலை இருந்தாலும் காடு இருந்தாலும் வெள்ளம் இருந்தாலும்.

இது கதையல்ல, நடந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அம்பாந்தோட்டை வெளியுலகத்தோடு துண்டிக்கப்பட்டுக் கிடந்தபோது, ரேடியோ சொசைட்டி ஒஃப் ஸ்ரீலங்காவைச் சேர்ந்த விக்டர் குணத்திலக்கவும் அவரது கூட்டாளிகளும் சிற்றலைக் கருவிகளைக்கொண்டு கொழும்போடு தொடர்பை ஏற்படுத்தினார்கள். அவரது அழைப்புக்குறி 4எஸ்7விகே. ரேடியோ உலகத்தில் அந்த ஐந்து எழுத்தைத் தெரியாதவர்கள் குறைவு. அதே நாளில் அந்தமானிலும் இதுதான் நடந்தது. பாரதி பிரசாத் என்ற பெண் அமெச்சூர், போர்ட் பிளேயரில் இருந்து உலகத்து ரேடியோக்காரர்களோடு பேசுவதற்கென்று வந்து தங்கியிருந்தார். சுனாமி அடித்ததும் அந்தப் பொழுதுபோக்குக் கருவி தீவுகளுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே செய்தி கொண்டுபோகும் கருவியானது. காணாமல் போனவர்களைத் தேடிய குடும்பங்களுக்கு அந்தப் பெண்ணின் குரல்தான் தபால்காரர்.

ஒரு பெண். கவனியுங்கள். "பொம்புளப் புள்ளயளுக்கு இது சரிவருமா" என்று கூட்டம் முடிந்து வாசலில் கேட்டவருக்கு இதைத் தனியாகச் சொல்கிறோம்.

இனி அந்தக் கறுப்புத் திரை. "அந்தக் கறுப்பு ஸ்க்ரீன்ல என்னவோ எழுதுறானுகள், ஹெக் பண்றானுகளோ தெரியா" என்று ஒரு வாப்பா எங்களிடம் கவலைப்பட்டார். அவர் மேல் பிழை இல்லை. சினிமாவில் கறுப்புத் திரையில் எழுதுபவன் எல்லாம் பேங்கைத்தான் கொள்ளையடிக்கிறான்.

நடப்பது இதுதான். இப்போதுள்ள ரேடியோக் கருவிகளில் கணினியோடு பேச ஒரு துளை இருக்கும். கேபிளைச் செருகினால் கணினி சொல்வதைக் கருவி கேட்கும். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொரு கம்பனிக் கருவியும் ஒவ்வொரு பாஷை பேசும். கென்வூட்டுக்கு அலைவரிசையைச் சொல்ல எஃப், ஏ என்ற இரண்டு எழுத்துக்குப் பின்னால் பதினொரு இலக்கம் எழுதி முற்றுப்புள்ளிக்குப் பதிலாக அரைப்புள்ளி போடவேண்டும். ஐகொம் அதே எண்ணைப் பின்பக்கம் இருந்து சோடி சோடியாகக் கேட்கும். யேசுவின் பழைய சிறு கருவிகள் ஐந்து பைட் மட்டும் வாங்கும், ஐந்தாவதுதான் கட்டளை. பிள்ளைகள் இதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். கற்பிட்டிச் சந்தைக்கு நீர்கொழும்பு முதலாளியும் மன்னார்க் காக்காவும் கொழும்பு ஏஜென்டும் ஒரே நேரத்தில் வந்துநின்று மீனுக்கு விலை கேட்ட மாதிரி. நடுவில் எல்லார் பாஷையும் தெரிந்த ஒருவர் நின்றால் வியாபாரம் நடக்கும்.

அந்த நடுவில் நிற்பவருக்குப் பெயர் ஹாம்லிப். 2000ஆம் ஆண்டளவில் ஃப்ராங்க் சிங்கிள்டன் என்ற அமெச்சூர் தொடங்கிவைத்தது. பிரான்சின் ஸ்டெஃபான் ஃபியோவும் வேறு பலரும் சேர்ந்து கட்டியெழுப்பினார்கள். 200க்கும் மேற்பட்ட கருவிகளின் பாஷை அதற்குத் தெரியும். சும்மா கிடைக்கிறது. திருட்டு சீடி தேவையில்லை, கிராக் தேவையில்லை. (கிராக் பண்ணிய மென்பொருளில் ஹலால் ஹராம் பாடம் டைப் பண்ணும் நம் பழக்கத்தைப் பற்றி வேறொரு பதிவு எழுத இருக்கிறது.) அதோடு வரும் சிறு கட்டளைக்கு ரிக்சீடீஎல் என்று பெயர். அதைத் தொடங்கி 'எஃப்' என்று சின்ன எழுத்தில் அடித்தால், இப்போது எந்த அலைவரிசையில் நிற்கிறேன் என்று கருவி சொல்லும். அதே 'எஃப்'பைப் பெரிய எழுத்தில் அடித்து 7070000 என்று போட்டால், 7.07 மெகாஹேர்ட்ஸுக்குப் போகும். சின்ன 'எம்' என்ன முறையில் பேசுகிறாய் என்று கேட்கும், பெரிய 'எம்' முறையை மாற்றும். 'டீ'யும் அப்படித்தான், பெரிய 'டீ'க்குப் பின்னால் 1 போட்டால் கருவி வாயைத் திறக்கும், 0 போட்டால் மூடும்.

இதை நாங்கள் வெண்பலகையில் கோடு கீறி அரை மணித்தியாலம் விளங்கப்படுத்திக் கொண்டிருந்தோம். ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கி, "சேர், சின்ன எழுத்து கேக்குது, பெரிய எழுத்து சொல்லுது, அவ்வளவுதானே?" என்றது. அவ்வளவுதான் மகள். அரை மணித்தியாலத்தை மிச்சம் பிடித்திருக்கலாம்.

இந்தப் பாடத்தை எந்த ரேடியோவில் நடத்தினோம் தெரியுமா? ரேடியோவே இல்லை. ஹாம்லிப்பில் கருவிகளின் பட்டியலில் முதலாம் இலக்கம் ஒரு பொய்க் கருவி, டம்மி. கணினிக்குள்ளேயே இருக்கும். அலை ஒன்றும் வெளியே போகாது. ஆனால் கேட்டால் பதில் சொல்லும், சொன்னால் மாறும், பிழையாகச் சொன்னால் மாட்டேன் என்னும். அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளை ஒரு வருடம் அதில் பழகலாம், ஒரு சட்டத்தையும் மீறாமல், ஒரு ரூபாயும் செலவழிக்காமல். வலைப்பின்னல் வழியாக ஓட்டும் முறையில் கட்டளை சரியாக நடந்தால் ஆர்பீஆர்டீ 0 என்று ஒரு பதில் வரும். பிழை என்றால் அந்த இடத்தில் கழித்தல் குறியோடு ஓர் எண். பூச்சியம் வாங்கினால் சந்தோஷப்படும் பிள்ளைகளை எங்கள் பதினெட்டு வருடச் சேவையில் முதன்முதலாக அந்த விறாந்தையில்தான் பார்த்தோம்.

ஏன் கட்டளை, ஏன் அழகான படம் போட்ட அப் இல்லை என்று கேட்பீர்கள். காரணம் மூன்று நான்கு இருக்கிறது, முக்கியமானது இது. அந்த வெள்ள இரவில் எங்களுக்கு வந்து வந்து போன சிக்னலில் ஒரு படம் திறக்கவில்லை, ஆனால் எழுத்துச் செய்தி ஒன்றிரண்டு எப்படியோ நுழைந்தது. ஒரு ரேடியோவைத் தூரத்தில் இருந்து அலைவரிசை மாற்ற எழுதும் கட்டளை பத்துப் பதினைந்து எழுத்து. வட்சப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பும் பூ ஸ்டிக்கரைவிடச் சின்னது. பாடசாலைக் கூரையில் கம்பியும் கருவியும் இருக்க, அனுமதிபெற்ற ஆசிரியர் பாலாவியில் வீட்டில் மாட்டிக்கொண்டாலும் அந்த நொண்டிச் சிக்னலில் கருவியை இயக்கலாம்.

இன்னொன்று, எழுதிய கட்டளையைச் சேமித்து வைக்கலாம். பகலில் 7 மெகாஹேர்ட்ஸ் மாவட்டத்துக்குள் நன்றாக விழும். இரவானால் அது கிட்டே விழாமல் தாவித் தூரத்துக்குப் போய்விடும், 3.5க்கு இறங்கவேண்டும். மஃரிபுக்குப் பிறகு தானாக இறங்கு, சுபஹுக்குப் பிறகு தானாக ஏறு என்று ஆறு வரியில் எழுதி வைத்துவிட்டு மனிதன் தூங்கலாம். எங்கள் பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் இதை டம்மியில் எழுதி ஓட்டிக் காட்டினான். அவனுக்கு சாதாரண தரப் பரீட்சைக்கு அந்த ஆறு வரிக்குப் புள்ளி கிடைக்காது. பரவாயில்லை.

ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் நேர்மையான வாத்திமார் இல்லை. இந்தத் தூர இயக்க முறை வழமையில் கடவுச்சொல் கேட்பதில்லை. 4532 என்ற வாசலைத் திறந்து அப்படியே இன்டர்நெட்டில் விட்டால், போகிற வருகிறவன் எல்லாம் உங்கள் கருவியின் வாயைத் திறந்துவிடுவான். பூட்டுப் போட்ட வழியாலேதான் போகவேண்டும். இதையும் சேர்த்துத்தான் படிப்பிக்கிறோம். சாவியைப் பற்றித் தெரிந்த பிள்ளைதான் பேங்க் எக்கவுண்டையும் காப்பாற்றிக் கொள்ளும்.

இப்போது சீஐடிக் கதைக்கு வருகிறோம். இதற்காகத்தான் உண்மையில் இந்தப் பதிவு.

பயத்தைக் கேலி செய்யவில்லை. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு இந்தக் கரையில் நாம் எப்படி இருந்தோம் என்று எங்களுக்கும் தெரியும். அலுமாரியில் இருந்த அரபுக் கிதாபை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்ற வீடுகள். எங்களுக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளையின் விளையாட்டு வோக்கிடோக்கியைக் கிணற்றில் போட்டார்கள். பொம்மை அது, பெட்டரியும் இல்லை. அந்தப் பிள்ளை அழுததும் எங்களுக்குத் தெரியும். மே மாதம் சிலாபத்தில் தொடங்கி மினுவங்கொடை வரைக்கும் எரிந்தது. நம் மாவட்டத்திலேயே கொட்டாரமுல்லையில் ஒரு தச்சுத் தொழிலாளியை அவரது பட்டறையில் வைத்து வெட்டிக் கொன்றார்கள். இதை மறந்துவிட்டு வீரம் பேச நாங்கள் வரவில்லை.

ஆனால் ஒரு கேள்வி. சிலாபத்தில் அந்த நெருப்பு எதில் பற்றியது? ஒரு ஃபேஸ்புக் கொமெண்டில். ரேடியோவில் அல்ல. அதற்காக ஒருவராவது ஃபேஸ்புக்கை மூடினீர்களா? இந்தப் பதிவை எங்கே வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

அமெச்சூர் ரேடியோவைப்போல வெளிப்படையான பேச்சு வேறு இல்லை. வட்சப்பில் நீங்கள் அனுப்புவது இரகசியக் குறியாக்கி அனுப்பப்படுகிறது. அமெச்சூர் அலையில் அர்த்தத்தை மறைத்துப் பேசவே கூடாது என்பது சர்வதேச விதி. இன்னார் பேசுகிறேன் என்று அழைப்புக்குறியைச் சொல்லியாகவேண்டும். அந்தக் குறி அரசாங்கத்தின் பதிவில் பெயரோடும் விலாசத்தோடும் இருக்கும். யாரும் கேட்கலாம், பொலிஸும் கேட்கலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கேட்கலாம். வெள்ள இரவில் வந்த அந்தக் குளக்கட்டு வொய்ஸ் கட் மாதிரி பெயரில்லாத குரலுக்கு அங்கே இடமே இல்லை. வதந்தியால் அதிகம் அடிவாங்கிய சமூகம் நாம். பெயர் சொல்லிப் பேசும் ஓர் ஊடகத்துக்கு முதலில் போய் நிற்கவேண்டியவர்கள் நாமல்லவா?

சட்டத்தையும் மறைக்கவில்லை. 1991ஆம் ஆண்டு 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் இல்லாமல் இப்படியான கருவியை வைத்திருக்கவும் கூடாது, பாவிக்கவும் கூடாது. வெளிநாட்டில் இருந்து மச்சான் கொண்டுவந்து தந்த சீன வோக்கிடோக்கியை வள்ளத்தில் ஒளித்து வைத்திருப்பவர்களுக்கு இது கேட்கட்டும். பயப்படவேண்டிய வேலை அதுதான். அதைச் செய்துகொண்டு, பிள்ளைகள் பரீட்சை எழுதி அனுமதி எடுக்கப்போகிறோம் என்றால் "சீஐடி வரும்" என்கிறோம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு அந்தப் பரீட்சையை நடத்துகிறது. நொவிஸ், ஜெனரல், அட்வான்ஸ்ட் என்று படிப்படியாகத் தரம் இருக்கிறது. பரீட்சை எழுதி, பெயர் பதிந்து, குறி வாங்கிப் பேசுகிறவரை அரசாங்கத்துக்கு முதலிலேயே தெரியும். ஒளித்துப் பேசுகிறவரைத்தான் தேடுவார்கள்.

மீன்பிடிக் கதையிலும் ஒரு தெளிவு வேண்டும். அமெச்சூர் அலையில் வியாபாரம் பேசமுடியாது. "கண்டக்குழிப் பக்கம் சூடை படுது, வாங்க" என்று கூப்பிடுவதற்கு அல்ல இது. கடலுக்கான ரேடியோ வேறு, அதன் அனுமதி வேறு. ஆனால் வள்ளத்தில் போனைப் பொலித்தீன் பேக்கில் சுற்றிக்கொண்டு போகும் வாப்பாவின் பிள்ளை, அலை என்றால் என்ன, ஏன் கரையில் இருந்து இத்தனை கடல்மைலுக்கு அப்பால் போன் செத்துப்போகிறது, எது சாகாது என்று தெரிந்து வளர்வது வேண்டாமா? உயிர் ஆபத்தில் யாரைக் கூப்பிடுவது, எப்படி இடத்தைச் சொல்வது என்று ஒரு தடவையாவது பழகியிருக்கவேண்டாமா? காற்று மாதத்தில் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் உம்மாமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

"இதெல்லாம் நம்ம ஆக்கள் செய்ற வேல இல்ல" என்பவர்களுக்கு ஒரு தகவல். ஜோர்தான் மன்னர் ஹுசைன் ஓர் அமெச்சூர். குறி ஜேவை1. அரண்மனையில் இருந்து முன்பின் தெரியாத சாதாரண ஆட்களோடு ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவர். 1999இல் மௌத்தானார். அந்தக் குறியைப் பெயராக வைத்து ஜோர்தானின் இளம் பொறியியல் மாணவர்கள் செய்த சிறு செய்மதி 2018இல் விண்ணுக்குப் போனது. அவர்கள் "நமக்கு எதுக்கு இந்த வேல" என்று கேட்டிருக்கவில்லை.

அவ்வளவு தூரம் ஏன், நம் மாவட்டத்தையே பார்ப்போம். சிலாபத்துக்குப் பக்கத்தில் இரணவில. வொய்ஸ் ஒஃப் அமெரிக்காவின் பெரிய அஞ்சல் நிலையம் அங்கே இருந்தது. அதற்கான ஒப்பந்தம் 1983இல் கைச்சாத்தானபோது இந்தியா முகம் சுளித்தது. 1987 இந்திய இலங்கை உடன்படிக்கையோடு இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதத்தில் வெளிநாட்டு ஒலிபரப்பு நிலையங்களைப் பற்றித் தனியாக எழுதும் அளவுக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. நிலையம் கட்ட வந்தபோது அந்தப் பகுதி மீனவ மக்கள் எதிர்த்து நின்றார்கள். இருந்தும் கட்டினார்கள், வருடக்கணக்காக ஒலிபரப்பினார்கள், 2016இல் மூடிவிட்டுப் போனார்கள். 2020இல் அந்த இடம் கொவிட் வைத்தியசாலை ஆனது. எங்கள் கரையின் மணலில் நட்ட கம்பங்களில் இருந்து ஆசியா முழுவதற்கும் குரல் போனது. இந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்த வேலிக்கு உள்ளே போய் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தார்கள்? மற்றவர்கள் நம் மண்ணில் வந்து பேசினார்கள், நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். இப்போதும் அதே இருப்புத்தான். கருவி மட்டும் சின்னதாகி எல்லார் பையிலும் வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஸ்மார்ட் போர்ட்.

வாங்குங்கள். எதிர்க்கவில்லை. திறப்பு விழாவுக்கு நாங்களும் வந்து கை தட்டுவோம். ஆனால் இதற்கு முன் வாங்கியது எங்கே? பேனா தொலைந்தது, மென்பொருள் காலாவதியானது, திருத்த ஆள் கொழும்பில் இருந்து வரவேண்டும் என்று ஒரு மூலையில் துணி போர்த்தி நிற்பதைப் பார்க்காதவர் யார்? ஆண்டுக்கணக்கில் தகவல் தொழினுட்பம் படிப்பித்த நாங்களே ஒப்புக்கொள்கிறோம், எங்கள் பிள்ளைகள் எங்கே அழுத்தவேண்டும் என்று படிக்கிறார்கள், அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது என்று படிப்பதில்லை. அழுத்தும் பொத்தான் இடம் மாறினால் முடிந்தது. கட்டளை எழுதிப் பழகிய பிள்ளைக்குப் பிழைச் செய்தி வந்தால் பயமில்லை, அதை வாசிக்கிறது. எங்களுக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் இல்லை, விறாந்தையில் கண்ணால் கண்டதுதான்.

பழைய கருவியும் இந்த வழியில் சாகாது. கம்பனி கைவிட்ட முப்பது வருட ரேடியோவையும் ஹாம்லிப் தூக்கிப் பிடிக்கிறது. பழைய லெப்டொப்பில் லினக்ஸைப் போட்டால் அது ஓடுகிறது. நாங்கள் கேட்டதும் புதிய கணினி அல்ல, ஸ்டோர் ரூமில் கிடப்பதை.

செலவையும் சொல்லிவிடுகிறோம். நல்ல சிற்றலைக் கருவி இலட்சக்கணக்கில் வரும். அதனால்தான் முதலாம் வருடத்துக்கு அதைக் கேட்கவே இல்லை. டம்மியில் பழகுவது, பரீட்சைக்குப் படிப்பது, ஆசிரியர்கள் நாங்களே முதலில் பரீட்சை எழுதுவது. அனுமதி கைக்கு வந்த பிறகு, முறைப்படி கருவி எடுப்பதற்கு வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களிடம் போவோம். உப்புக் காற்றில் கம்பி எத்தனை மாதத்தில் பச்சை பிடிக்கும் என்ற கவலை அதற்குப் பிறகு.

1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கில் இருந்து விரட்டப்பட்டு மன்னார்ப் பக்கத்தில் இருந்து வள்ளத்தில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கிய சனத்தில் எங்களில் ஒருவரும் இருந்தார், உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு. ஒரே ஊர்ச் சனம் ஏழெட்டு முகாமாகச் சிதறியது. வாப்பா எந்தக் கரையில் இறங்கினார், மாமி உயிரோடு இருக்கிறாரா என்று முகாம் முகாமாகப் போய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் தேடினார்கள். அப்போது ரேடியோ இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று சொல்லவரவில்லை, போர்க்காலத்தில் அது நம் கையில் கிடைத்திருக்கவும் மாட்டாது. ஆனால் தொடர்பு அறுந்தால் என்ன நடக்கும் என்று புத்தகத்தில் வாசிக்காமலே தெரிந்த சனம் இந்த மாவட்டத்தில் இருக்கிறது. அந்தச் சனத்தின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் இந்த வகுப்பை நடத்தக் கேட்கிறோம்.

கடிதத்தைத் திருத்தி எழுதியிருக்கிறோம். பைலில் பழையது கிடக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு டம்மி ஓடும் லெப்டொப்பையும் அந்த ஒன்பதாம் ஆண்டுப் பிள்ளையையும் அதன் வாப்பாவோடு கூட்டிக்கொண்டு வருவோம். பத்து நிமிடம் தாருங்கள், அந்தப் பிள்ளை உங்களுக்குச் சொல்லித்தரும். சீஐடியைப் பற்றிக் கேட்ட ஹாஜியார் முன் வரிசையில் இருந்தால் சந்தோஷம், அவர் கையாலேயே ஒரு சின்ன 'எஃப்' அடிக்கட்டும்.

அதுவரைக்கும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு எங்கள் விறாந்தையில் வகுப்பு நடக்கும். ஆண்பிள்ளைகள் ஒரு நேரம், பெண்பிள்ளைகள் ஒரு நேரம். காசில்லை. பெற்றோர் வந்து பக்கத்தில் இருக்கலாம். ஸ்டோர் ரூம் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் இன்பொக்ஸில் சொல்லுங்கள்.